அண்ணாச்சி இன்னும் மேலேதான் இருக்கிறார்

தேடுவதை நிறுத்திவிட்டார்கள்.

இன்று காலை பத்தரை மணிக்கு ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது. பன்னிரண்டு நாளாயிற்று, மேலே மறுபடியும் பனி கொட்டுகிறது, இனி ஆட்களை அனுப்ப முடியாது என்றார்கள்.

சங்கரபாண்டியன் அண்ணாச்சி... இமயமலையில் கார்வால் பக்கம் ஒரு சிகரத்திலிருந்து இறங்கும்போது பனிச்சரிவில் சிக்கினார். கூடப் போன இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள். இவர் மட்டும் கிடைக்கவில்லை.

உட்கார முடியவில்லை. டெல்லி லோதி ரோடில் ஆபீஸைச் சுற்றி நாலு ரவுண்டு நடந்தேன். டீ வாங்கி, குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன். இதை டைப் பண்ணும்போதுகூட நடுநடுவே எழுந்து போய் பால்கனியில் நிற்கிறேன்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. திருநெல்வேலிக்காரர். மத்திய அரசு ஆபீஸ் ஒன்றில் ஸ்டெனோ. கோல் மார்க்கெட்டில் குவார்ட்டர்ஸ். ஒல்லியான ஆள். பஸ்ஸில் பக்கத்தில் நின்றால் மலையேறுகிறவர் என்று சத்தியமாகச் சொல்ல மாட்டீர்கள்.

தொண்ணூறுகளின் ஆரம்பம். நான் டெல்லிக்குப் புதிது. ஹரியானா எல்லையில் இருக்கும் பாறைகளில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏறிப் பழகும் ஒரு கோஷ்டியில் போய்ச் சேர்ந்தேன். முதல் நாளே பாதிப் பாறையில் மாட்டிக்கொண்டேன். அடுத்த காலை எங்கே வைப்பதென்று தெரியாமல், "அய்யோ அம்மா!" என்று கத்திவிட்டேன்.

கீழேயிருந்து ஒரு குரல். "ஏ தம்பி, தமிழா நீ? கீழ பாக்காத. எடது முட்டிக்கு நேரா ஒரு மொனை இருக்கு, அதுல கால வையி. அழணும்னா மேல போயி அழு, அங்கன எடம் நெறைய கெடக்கு."

அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணாச்சி. கோஷ்டியில் மற்ற எல்லாரும் இந்திக்காரர்கள். அதுதான் அவர் பெயர் என்று நினைத்துக்கொண்டார்கள். "அண்ணாச்சி ஜி, ஜல்தி கரோ!" என்று அவசரப்படுத்துவார்கள். ஒரு தடவை லிஸ்ட்டில் 'மிஸ்டர் அண்ணாச்சி' என்றே அடித்துக் கொடுத்தார்கள். அவர் திருத்தவில்லை.

ஏறி முடித்து, பஸ் மாறி, சாணக்யபுரியில் நம்ம ஊர் அரசாங்க கெஸ்ட் ஹவுஸ் கேன்டீனுக்குப் போவோம். பாறையில் உரசி உரசி விரல் நுனியெல்லாம் தோல் போயிருக்கும். சாம்பார் பட்டால் தீயாய் எரியும். ஸ்பூன் கேட்க மாட்டார். ஸ்ஸ்... ஸ்ஸ்... என்றபடியே ஆறு இட்லி.

சில வருஷம் கழித்து நாங்கள் இரண்டு பேரும் ஒரே கயிற்றில் ஒரு பெரிய சிகரத்துக்குப் போனோம். உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேரம்தான். எனக்குத் தலை சுற்றி வாந்தி வந்தது. என்ன பேசுகிறேன் என்றே தெரியாமல் உளற ஆரம்பித்துவிட்டேனாம்.

அவர் திரும்பிவிட்டார். என்னைக் கயிற்றில் பிடித்துப் பிடித்து இறக்கினார். வழி முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை.

கூடாரத்துக்கு வந்ததும், "கோவமா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"கோவம்தான். இல்லன்னு சொல்ல மாட்டேன்" என்றார். ஷூவைக் கழற்றினார். அதை ஓரமாக வைத்துவிட்டு, "ஒன்ன அங்கன உக்கார வச்சிட்டு நான் மட்டும் மேல போயி என்னத்தப் பாக்க?" என்றார்.

அப்புறமும் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அதுவும் உண்மை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை என்னைக் கூப்பிட்டார். லீவு கிடைக்காது அண்ணாச்சி என்றேன். நான் லீவு கேட்கவே இல்லை. வயசாகிவிட்டது, பயமாக இருந்தது... அவரிடம் போய் அதைச் சொல்வதற்கு என்ன? சொல்லியிருக்கலாம். "அச்சா, சரி, பரவால்ல" என்று போனை வைத்துவிட்டார்.

மதியம் அவர் வீட்டுக்குப் போனேன். மலையேற்றத்தை ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் கடிதத்தோடு வந்து, இந்தியில் மெதுவாக விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் மனைவி பகவதி மதினி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வந்தவர் போன பிறகு மதினி என் பக்கம் திரும்பினார்.

"அந்த சார் சொன்னது வெளங்கிச்சு. இருந்தாலும் நீங்க தமிழ்ல ஒருக்கா சொல்லுங்க தம்பி."

"இனிமே தேட மாட்டாங்க மதினி. அண்ணாச்சி... இல்ல."

முதல் தடவை முணுமுணுத்தது மதினிக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

மதினி அந்தக் கடிதத்தை நாலாக மடித்து வைத்தார். பிறகு, "உச்சி வரைக்கும் போனாகளா?" என்று கேட்டார்.

"போனார் மதினி. இறங்கும்போதுதான்."

"நெசமாவா? எனக்காண்டி சொல்லுதியளா?"

"கூடப் போனவர் ஆஸ்பத்திரியிலேருந்து போன்ல சொன்னார் மதினி. பத்து நிமிஷம் மேலே நின்னாங்களாம்."

அப்போதுதான் அழுதார்.

நான் ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது சொன்னார். "எனக்கு அந்த மலயப் பாக்கணும் தம்பி. ஏற வேண்டாம். கீழ நின்னு பாத்தாப் போதும்."

இத்தனை வருஷம் டெல்லியில் இருந்தும் ஹரித்வாரைத் தாண்டிப் போனதில்லை மதினி. கடைசி கிராமத்திலிருந்து, மேகம் இல்லாத காலையில் அந்தச் சிகரம் தெரியும். அந்தப் பக்கம் முன்பு போயிருக்கிறேன், எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

நாளை காலை ரிஷிகேஷ் பஸ். மதினியிடம் இருப்பது மெல்லிய ஸ்வெட்டர்தான். என் மனைவியின் கோட்டை எடுத்து வைத்திருக்கிறேன்.

நாங்க வரோம், அண்ணாச்சி.