கூரையைத் தொடாத சுவர்

கட்டடக்கலையில் முதுகலை படிக்கப் போகிறேன் என்று சொன்னபோது அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். "ஏற்கெனவே நாலு வருசம் படிச்சியே, அதுல வீடு கட்டச் சொல்லித் தரலையா?"

முதல் பட்டத்தில் கட்டடம் எப்படி நிற்கிறது என்று சொல்லித் தருவார்கள், முதுகலையில் அது ஏன் நிற்கிறது என்று கேட்பார்கள் என்று ஏதோ சொல்லிவைத்தேன். அம்மா அதற்கு, "கீழ விழாம இருந்தாச் சரி லா" என்றார்.

நாங்கள் இருப்பது தங்கா பத்துவில், தாமான் என்கிற புதுக் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. அம்மாவுக்கு ஓர் ஆரம்பப் பள்ளியின் கெண்டினில் சமையல் வேலை. அப்பா செம்பனை எண்ணெய் லாரி ஓட்டுகிறார். இருவரும் பிறந்து, வளர்ந்து, கல்யாணம் செய்துகொண்டது செலண்டார் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது எனக்கு மூன்று வயது. லயத்தைப் பற்றி எனக்கு ஒரு நினைவும் கிடையாது. இந்த ஒரு தகுதியோடுதான் அதைப் பற்றி ஆய்வு செய்யப் புறப்பட்டேன்.

உண்மையில் நான் எடுத்துப்போன தலைப்பு அதுவல்ல. மலாக்கா ஆற்றங்கரையில் ஒரு கண்ணாடி அருங்காட்சியகம் வரைந்து கொண்டுபோயிருந்தேன். என் ஆய்வின் மேற்பார்வையாளர் ஐம்பது வயது தாண்டிய பெண்மணி. மலாக்கா டவுனில் வளர்ந்த யாழ்ப்பாணத் தமிழர். வெளிநாட்டில் படித்தவர். எல்லாரையும் போல நானும் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னோடு ஆங்கிலத்தில் மட்டும்தான் பேசுவார். அருங்காட்சியகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டார். தங்கா பத்து என்றேன். அதற்கு முன்னால்? செலண்டார், தோட்டம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "பிறகு ஏன் இதை வரைந்துகொண்டிருக்கிறாய்?"

அன்றோடு அருங்காட்சியகம் போயிற்று. வகுப்பில் மற்றவர்கள் தலைப்புத் தேடி மாதக்கணக்கில் அலைந்தார்கள். எனக்கு அது பிறப்புப் பத்திரத்திலேயே இருந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை.

பழைய லயங்களை அளந்து வரைய லூபோக் சீனா பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். அங்கே இரண்டு வரிசைகள் இன்னும் இருந்தன. தமிழர் யாரும் இல்லை. வங்காளதேசத்திலிருந்து வந்த தொழிலாளர்கள்தான் குடியிருந்தார்கள். பத்து வீட்டுக்கும் சேர்த்து ஒரே நீளக் கூரை. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர். ஆனால் அந்தச் சுவர் கூரை வரை போகவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிட்டது. அதற்கு மேல் திறந்த வெளிதான். முதல் வீட்டில் ஏணி போட்டு ஏறிப் பார்த்தால் கடைசி வீட்டுக் கூரை வரை தெரியும் என்று கணக்குப் போட்டேன்.

கணக்குத்தான் போட முடிந்தது, பார்க்க முடியவில்லை. ஏனென்றால் அந்த இடைவெளியை எல்லா வீட்டிலும் அடைத்து வைத்திருந்தார்கள். அரிசிச் சாக்கு, அட்டைப் பெட்டி, போன தேர்தலின் பேனர். ஒரு வேட்பாளர் இரண்டு வீடுகளுக்கு நடுவே தலைகீழாகச் சிரித்துக்கொண்டிருந்தார். ஏன் அடைத்திருக்கிறீர்கள் என்று ஒருவரிடம் மலாயில் கேட்டேன். "பீசிங்" என்றார். சத்தம் தாங்கவில்லையாம். ஒருவர் போனில் வீட்டுக்குப் பேசினால் பத்து வீட்டுக்கும் கேட்கிறதாம்.

படங்களை டாக்டரிடம் காட்டினேன். சாக்கையும் பேனரையும் வரைய வேண்டாம், அவை தற்காலிகமானவை, கட்டடத்தின் மூல நிலையை மட்டும் வரை என்றார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. சாக்கு வரைவது கஷ்டம். அப்படியாக, அந்த வரைபடத்தில் சுவருக்கு மேலே வெள்ளையாக, சுத்தமாக, அழகான ஓர் இடைவெளி கிடைத்தது. டாக்டர் பென்சிலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "இதுதான் உன் ஆய்வு."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்களுக்கென்று நாற்பது வீடுகளை வடிவமைத்தேன். வீடுகளுக்கு நடுவே சுவர் கூரையைத் தொடாது. காற்று பொது, வெளிச்சம் பொது, குரல் பொது. 'பகிரப்படும் காற்று' என்று பெயர் வைத்தேன். தலைநகரில் என் விடுதி அறையில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதும்போது பக்கத்து அறைத் தோழியின் பாட்டுச் சத்தம் தாங்காமல் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது தோன்றவில்லை.

ஆய்வுக்கு ஒரு பயனாளர் நேர்காணல் வேண்டும் என்பது விதி. யாரைத் தேடிப் போவது? அம்மாவையே எடுத்துக்கொண்டேன். அனுமதிப் படிவத்தில் 'பங்கேற்பாளருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. 'அறிமுகமானவர்' என்று எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மறுநாள் கெண்டினில் நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறும் நெத்திலிச் சம்பலும். அம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். போனை நடுவில் வைத்துப் பதிவை முடுக்கினேன்.

"லயத்துல சுவருக்கு மேல சந்து இருக்கும்ல, அதப் பத்திச் சொல்லுங்கமா. காத்து நல்லா வருமா?"

"காத்தா?" அம்மா சிரித்தார். "காத்து வந்துச்சான்னு தெரியல. எல்லாரோட பேச்சும் வந்துச்சு."

கல்யாணமான புதிதில் ஒருநாள் அப்பா குழம்பில் உப்பில்லை என்று சொன்னாராம். மறுநாள் விடிகாலை, பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட வரிசையில் நிற்கும்போது, பின்னாலிருந்து ஒரு பெண் கேட்டாளாம்: "இன்னைக்காச்சும் உப்புப் போட்டியா?" வரிசை முழுக்கச் சிரிப்பு. அதோடு அம்மாவும் அப்பாவும் வீட்டுக்குள் முக்கியமான எதையும் வாயால் பேசுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் வாங்கி, பென்சிலால் எழுதிக் காட்டிக்கொள்வார்களாம்.

"சண்டையுமா?"

"சண்டைதான் நெறைய. உங்கப்பா எழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். பாதிச் சண்டை எனக்குப் புரியாது. அப்படியே விட்டுருவேன்."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நெத்திலியின் தலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே, "உனக்கு முன்னால ஒண்ணு இருந்துச்சு. தெரியும்ல?" என்றார்.

எனக்குத் தெரியாது.

"வயித்துல நாலு மாசம். தங்கல. ஜாசின் ஆஸ்பத்திரிலேருந்து மத்தியானம் கொண்டாந்து விட்டாங்க. உங்கப்பாவுக்கு லீவு இல்ல. லயமே வேலைக்குப் போயிருச்சு, யாரும் இல்லன்னு நெனச்சேன். அப்பவும் சாரோங்கை வாயில வச்சுக்கிட்டுத்தான் அழுதேன். பழக்கம்." அடுத்த நெத்திலியை எடுத்தார். "பக்கத்து வீட்டு அக்கா அன்னைக்கு வேலைக்குப் போகல போல. கேட்டிருச்சு. பெஞ்சு மேல ஏறி நின்னு, ஒரு மங்குல கோப்பி ஊத்தி, சுவத்துக்கு மேல கைய நீட்டுனா. ஒரு வார்த்த பேசல. அந்தக் கைதான் தெரிஞ்சுது."

அம்மா போனைப் பார்த்தார். பிறகு என்னை.

"அதையும் எழுதிக்க. ஆனா எனக்கு அன்னைக்கு யாரும் வேணாம்னு இருந்துச்சு."

பதிவை நிறுத்தினேன். அம்மா நெத்திலியைக் கழுவப் போனார். நான் அவருடைய தோளைத் தொட்டிருக்கலாம். செய்யவில்லை. மாறாக அறைக்குப் போய், மறந்துவிடுமோ என்ற பயத்தில் அத்தனையையும் தட்டச்சு செய்தேன். நல்ல ஆய்வு மாணவிக்குரிய எல்லா இலட்சணமும் என்னிடம் இருந்தது.

அடுத்த சந்திப்பில் அதை டாக்டருக்கு மொழிபெயர்த்துப் படித்தேன். உப்புக் கதையைப் படித்தேன், அவர் சிரித்தார். கோப்பிக் கதையைப் படித்தேன், அந்தக் கை வரைக்கும். கடைசி வரிக்கு வந்தபோது வாய் தானாக நின்றுவிட்டது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. டாக்டருக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னார், முதல் தடவையாகத் தமிழில்: "இதைவிட வேறென்ன வேணும்?"

வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. என் வடிவமைப்பின் நடுவில் இப்போது ஒரு கையும் ஒரு மங்கும் இருந்தன. இறுதித் தேர்வில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் மாடலுக்குப் பக்கத்தில் குனிந்து, சுவருக்கு மேலிருந்த இடைவெளியில் விரலை நுழைத்துப் பார்த்தார். இது கட்டடம் இல்லை, இது நாகரிகம் என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஆண்டின் மிக உயர்ந்த மதிப்பெண் எனக்குக் கிடைத்தது.

பிறகு ஆய்வுகளைக் காட்சிக்கு வைத்தார்கள். அப்பாவுக்கு லாரி ஓட்டம் இருந்ததால் அம்மா மட்டும் பஸ் ஏறி வந்தார். நல்ல புடவை, கெண்டினுக்குப் போடும் அதே செருப்பு. என் பலகைக்கு முன்னால் போய் நின்றார். ஆள் உயரப் பலகை. நடுவில் பெரிய எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும், அந்தக் கோப்பிக் கதை. கீழே, 'முன்னாள் தோட்டத் தொழிலாளி'. அம்மா தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். ஒவ்வொரு வரியையும் உதட்டை அசைத்துப் படித்தார். படித்து முடித்த பிறகும் அடுத்து ஏதாவது இருக்கிறதா என்று பலகையின் அடிப்பக்கம் வரை கண்ணால் தேடினார்.

டாக்டர் வந்தார். அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்கள் சொன்னது எங்கள் எல்லாரையும் அழ வைத்துவிட்டது."

"அப்படிங்களா?" என்றார் அம்மா, கொஞ்சம் பயந்து. அவர் மருத்துவர் என்று அம்மா நினைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

டாக்டர் மாடலைக் காட்டினார். நாற்பது சின்ன வீடுகள். "இதில் உங்களுக்கு எந்த வீடு வேணும்?"

அம்மா வரிசையைச் சுற்றி நடந்து பார்த்தார். அவர் வீடு பார்க்கும் விதமே தனி. குழாய் எங்கே, கழிவறை எங்கே, வெயில் எந்தப் பக்கம் என்றெல்லாம் கேட்டார். கடைசியில் வரிசையின் முனையைத் தொட்டார். "இந்தக் கடைசி வீடு, டாக்டர்."

"ஏன்?"

"ஒரு பக்கமாச்சும் ஆள் இருக்காதுல்ல."

டாக்டர் நன்றாகச் சிரித்தார். அம்மாவும் சிரித்தார். பிறகு, சாதாரணமாக, ஊர் விசாரிக்கும் குரலில், "உங்க வீட்டு ஆளுங்க யாராச்சும் தோட்டத்துல இருந்தாங்களா?" என்று கேட்டார்.

"ஓம், தாத்தா கிராணியாக இருந்தவர்."

கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதுகிறவர். அம்மா தலையாட்டினார். "அதான். கிராணி வீடு தனி வீடுல்ல? நாலு பக்கமும் சுவரு மேல வரைக்கும் இருக்கும். நாங்க பூப்பறிக்கப் போவோம்."

அதில் குத்தல் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா பூவைப் பற்றித்தான் பேசினார் என்றுதான் தோன்றியது. ஆனால் டாக்டர் மாடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தனி வீடுதான்" என்றார். யாரோ கூப்பிடவே போய்விட்டார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது சிரம்பான் தாண்டியதும் அம்மா ஜன்னலைப் பார்த்தபடியே, "ஒரு வரிய விட்டுட்டியே" என்றார்.

"இடம் பத்தலமா."

"அவ்ளோ பெரிய போர்டுலயா?"

அம்மா பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து உரித்துப் பாதியை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். வாயில் போட வெகுநேரம் ஆயிற்று.

ஆய்வேட்டைக் கட்டி நூலகத்துக்குக் கொடுக்கும் முன் திருத்தம் செய்ய ஒரு வாரம் தந்திருந்தார்கள். டாக்டர் கொடுத்த பட்டியலில் பக்க ஓரம், அடிக்குறிப்பு, ஒரு எழுத்துப்பிழை, அவ்வளவுதான். நான் அவற்றோடு அம்மாவின் கடைசி வரியையும் சேர்த்தேன். லூபோக் சீனா வரைபடத்தைத் திறந்து, இடைவெளி முழுக்கச் சாக்கும் அட்டையும் வரைந்தேன். தலைகீழ் வேட்பாளரையும் போட்டேன், முகம் தெரியாமல். ஏன் அடைத்திருக்கிறார்கள் என்று அரைப் பக்கம் எழுதினேன். அந்த அரைப் பக்கம் மற்ற நூற்றைம்பது பக்கத்தையும் ஏறக்குறைய இல்லையென்று ஆக்கியது. மதிப்பெண் கைக்கு வந்த பிறகு வருகிற துணிச்சல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். டாக்டர் கையெழுத்துப் போடும்போது அந்தப் பக்கத்தில் சற்று நிறுத்திப் படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த வரியைச் சேத்துட்டேன்மா."

"எங்க?"

"புத்தகத்துல. நூலகத்துல இருக்கும்."

"யாரு படிப்பா?"

யோசித்துப் பார்த்தேன். "யாரும் படிக்க மாட்டாங்க."

அம்மாவின் முகம் தெளிந்தது. "அப்ப நல்லதாப் போச்சு லா" என்றார்.

இப்போது மலாக்கா டவுனில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என் ஆய்வைப் பார்த்து வியந்துதான் என்னை எடுத்தார்கள். இதுவரை எனக்குக் கொடுத்திருக்கும் வேலை, கடைவீடுகளின் கழிவறைகளுக்கு ஓடு பதிக்கும் வரைபடம். முதல் படத்தைக் கொண்டுபோனபோது முதலாளி கதவு திறக்கும் பக்கத்தைச் சரிபார்த்தார், கதவுக்குத் தாழ்ப்பாள் குறித்திருக்கிறதா என்று பார்த்தார். குறித்திருந்தேன். நல்லது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அன்று மாலை ஜாலானில் வாகன நெரிசலில் நின்றபோது, ஐந்தரை வருடப் படிப்பில் நான் வரைந்ததிலேயே யாரும் குறை சொல்ல முடியாத படம் அதுதான் என்று தோன்றியது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுப் பேசச் சொன்னார்.