சீனத் தெருவில் ஒரு கரிப்பொட்டு

மலாயாவில் ஜப்பான்காரன் காலத்தில் உப்பு வேண்டுமென்றால் ரப்பர் தோட்டத்திலிருந்து சிரம்பான் டவுனுக்கு நடக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கைக் கூடையில் சுமந்துகொண்டு சீனர் தெருவுக்குப் போவேன். வாத்து வறுக்கும் வாசனையும் கூச்சலுமாக இருந்த தெருவில் அப்போது பாதிக் கடைகள் சாத்தியே கிடந்தன. ஜப்பான்காரன் சீனர்களைக் குறிவைத்துப் பிடித்தான். எங்கள் ஆட்களைச் சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனான். என் வீட்டுக்காரரும் அதில் போனவர்தான். பாவி, யாரையும் விட்டுவைக்கவில்லை.

நான் போவது ஒரு மளிகைக் கடைக்கு. முதலாளியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. அவர் பெண்சாதி கைக்குழந்தையோடு கடையின் பின்கட்டில் இருந்தாள். எங்களுக்குள் பேச்செல்லாம் சந்தை மலாயில்தான். கிழங்குக்கு உப்பு தருவாள். பேரத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அவளும் லேசுப்பட்டவள் அல்ல.

ஒரு நாள் உப்பு எடுக்கப் போனவள் குழந்தையை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள். பெண் குழந்தை. பொக்கை வாயைத் திறந்து சிரித்தது. எனக்கோ பிள்ளை கிடையாது. "ஆத்தாடி, என்னா அழகு!" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே அடுப்புச் சட்டியின் அடிக்கரியைத் தொட்டு அதன் கன்னத்தில் பொட்டு வைத்தேன்.

திரும்பி வந்தவள் பதறிப்போனாள். பிள்ளை முகத்தில் அழுக்கைப் பூசிவிட்டேன் என்று வைதுகொண்டே ஈரத்துணியோடு வந்தாள்.

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "அழுக்கில்ல லா! கெட்ட கண்ணு படாம இருக்க வச்சது. எங்க புள்ளைங்க எல்லாத்துக்கும் வைப்போம்."

துடைக்க வந்த கை நின்றது.

"ஜப்பான்காரன் கண்ணும் படாதா?"

அவளே கரியைத் தொட்டுக் குழந்தையின் நெற்றியில் பெரிதாக இன்னொரு பொட்டு வைத்தாள். தள்ளி நின்று பார்த்தாள்.

"தமிழ்ப் புள்ள மாதிரி இருக்கா?"

"இருக்கு," என்றேன். அவள் முகத்தைப் பார்த்து வேறெதுவும் சொல்ல முடியவில்லை.

"நீ கொண்டு போ அக்கா. இங்க இருந்தா எம்புள்ள பொழைக்காது. திரும்ப இந்தத் தெருவுக்குக் கொண்டு வராத."

திரும்பும் வழியில் ஜப்பான்காரனின் சோதனைச் சாவடியில் குழந்தையை முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டேன். சிப்பாய் கூடையைக் கிளறினான், பொட்டைப் பார்த்தான், போகச் சொன்னான். தோட்டத்து லயத்தில் என் வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் முந்தானையைத் தளர்த்தினேன்.

அடுத்த தடவை தனியாகத்தான் போனேன். "கஞ்சி குடிக்கிறாளா?" என்று கேட்டாள். "குடிக்கிறா, தூங்கறதெல்லாம் எந் தோள்லதான்," என்றேன். அவள் கிழங்கைப் பார்க்கவே இல்லை. என் தோள் சேலையை இழுத்து, பிள்ளையின் எச்சில் காய்ந்திருந்த இடத்தில் முகத்தை வைத்து மோந்துகொண்டே நின்றாள். அந்தச் சேலையை அவளிடமே விட்டுவிட்டு வரத்தான் மனம் துடித்தது. உடுத்திக்கொள்ள எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.