கையில் ஒட்டிய கிராஃபைட்

நான் வேலை பார்க்கும் தங்கச் சுரங்கத் திட்டம் தங்கத்தை மட்டும் நம்பினால் தேறாது. அதே பாறையில் கிடைக்கும் கிராஃபைட்டை முதன்மைப் பொருளாகவும் தங்கத்தைத் துணைப்பொருளாகவும் வைத்துக் கணக்கை மாற்றிப் போடச் சொன்னார்கள். காஞ்சிபுரம் வீட்டில் எரிச்சலோடு அதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

எதிரே என் மனைவி, புடவையின் ஜரிகைக் கரைக்காகக் கட்டம்போட்ட தாளில் பென்சிலால் அன்னங்கள் வரைந்துகொண்டிருந்தாள்.

“பென்சில் கரிக்கு வந்த வாழ்வப் பாருன்னு இன்னும் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்கீங்களா?” என்றாள்.

நான் கணக்கிலிருந்து நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் வெயிலில் அந்தச் சாம்பல் நிற அன்னங்கள் தாளை விட்டு எழுந்து மிதப்பதுபோல் இருந்தது. தறியில் ஏறிய பிறகுதான் அவை பொன்னாகும். அவளுடைய கையோரம் மினுமினுவென்று கறுத்திருந்தது. சுரங்கத்தில் பாறையைத் தொட்டால் என் கையும் அப்படித்தான் மின்னும். இத்தனை வருடமாக அதை அழுக்கு என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறேன்.