உபவாச ஜெபத்தில் அடித்த அலாரம்

இன்று உபவாச ஜெபத்தில் இருந்தவர்கள்: ஜெபம் நடத்திய மேரி அக்கா, என் அண்ணன் மனைவி எஸ்தர் மைனி, எங்கள் எஸ்டேட்டில் பக்கத்து லயத்து வரிசை வீட்டுச் செல்வி, நான்.

பதினொரு மணிக்கு என் போனில் சுகர் ஆப்பின் அலாரம் அடித்தது. இன்சுலின் போடுகிறவள் நான். விரலைக் குத்திப் பார்த்தேன். அறுபத்திரண்டு. எழுபதுக்குக் கீழே போனால் ஆபத்து. ஆப்பில் பதிந்துவிட்டு, பையிலிருந்த சீனியை அள்ளி வாயில் போட்டேன்.

"மதியம் ஒரு மணி வரைக்கும் பொறுக்க முடியலையா?" என்றார் மேரி அக்கா.

"ஆண்டவர விட அந்தப் போனத்தான் பெருசா நம்புதா," என்றார் மைனி.

"ஆண்டவரத்தான் நம்புதேன் மைனி. நான் மயங்கி விழுந்தா ஜீப்பு பிடிச்சு மலை இறக்கணும். அப்ப உங்க எல்லாரோட உபவாசமும் சேர்ந்துல்லா முறியும்?"

செல்வி சிரித்துவிட்டாள்.

கால் மணி நேரம் கழித்துப் பார்த்தேன், தொண்ணூற்றெட்டு. முழங்காலில் நின்று ஜெபத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இனி ஜெபத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாதாம், மேரி அக்கா சொல்லிவிட்டார்.

அடுத்த வெள்ளி ஜெபம் என் வீட்டில். போன் மேசை மேலேயே இருக்கும். பதினொன்றுக்கு அடிக்கும். சீனி டப்பாவையும் பக்கத்திலேயே வைப்பேன்.

ஜெபம் முடிந்ததும் எத்தனை பேருக்குக் கஞ்சி வைக்க வேண்டும்? வருகிறவர்கள் நாளைக்குள் நம் ஜெப வாட்ஸ்அப் குரூப்பில் சொல்லிவிடுங்கள்.