சந்நிதிக்குள் போன புடவை

சாந்தோமில் என் மாமியார் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் கடல். அவர் போய், "ராமேஸ்வரத்துக்கு நானும் வரேன், கடலைப் பார்த்து நாளாச்சு" என்றார். "சாந்தோம்ல இல்லாத கடலா?" என்று என் காதோடு முணுமுணுத்தாள் அம்மா.

தொண்ணூறுகளில் நடந்தது இது. மயிலாப்பூர்க்காரியான நான் ஒரு கத்தோலிக்கப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா என்னோடு ராசியாகிவிட்டாள். மாமியாரோடு மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. இந்தப் பயணத்திலாவது இரண்டு பேரும் பேசிவிட மாட்டார்களா என்று எனக்கு மனசு அடித்துக்கொண்டது. எழும்பூரில் ரயில் ஏறியதிலிருந்து, "உங்க அம்மாவுக்கு இட்லி வேணுமான்னு கேளு", "வேண்டாம்னு சொல்லு" என்று நடுவில் நான் தபால்காரி. எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன கூத்து இது என்று எரிச்சலாக வந்தது.

கோயில் தீர்த்தக் கிணறுகளில் குளிக்கப் போகும்போது, "மாத்துத் துணிப் பையைக் குடுங்க, நான் வெச்சிருக்கேன்" என்று மாமியார் கை நீட்டினார். அம்மா காதில் விழாதவள்போல் பையோடு நடந்தாள். முதல் கிணற்றின் மேல் நின்று தண்ணீர் இறைத்து ஊற்றும் ஆள் வாளியைக் கவிழ்த்தார் பாருங்கள், அம்மாவும் நனைந்தாள், பையும் நனைந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

ஆனால் ஈரத்துணியோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள். அப்பாவுக்கு உடம்பு தேறியதற்காக அம்மா வேண்டிக்கொண்ட தரிசனம். நடை சாத்துவதற்குள் லாட்ஜுக்குப் போய்த் திரும்ப முடியாது, மத்தியானமே ரயில். அம்மா அழுதுவிடுவாள் போலிருந்தது.

வெளிப் பிராகாரத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் தன் பையிலிருந்து ஒரு நீலப் புடவையை எடுத்தார். என்னிடம் தரவில்லை. நேரே அம்மாவிடம் நீட்டினார்.

"தொவைச்சு மடிச்சதுதான். கட்டிக்கிட்டுப் போங்க."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கோபுரத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். கடைசியில் வாங்கிக்கொண்டு போனாள். என் மாற்றுத் துணியும் அந்த ஈரப் பையில்தான் இருந்தது. வேற்று மதத்தவருக்கு உள்ளே அனுமதியில்லை என்பதால் மாமியாரும் அங்கேயே இருந்தார். நான் புடவையைப் பிழிந்துகொண்டு அவர் பக்கத்தில் நின்றேன்.

அரை மணி கழித்து நெற்றி நிறைய விபூதியோடு அம்மா வந்தாள். நேரே போய் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க பேருக்கும் அர்ச்சனை பண்ணச் சொன்னேன்" என்றாள். "பேரைக் கேட்டதும் குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். பார்க்கட்டுமேன்னு நின்னுண்டிருந்தேன். நட்சத்திரம் என்னன்னார். எனக்கென்ன தெரியும்? என்னோடதையே சொல்லிட்டேன்."