ஆற்றுக்குப் போயிருந்த தெரு

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். மதுரை ஆரப்பாளையத்தில், எட்டுக் குடித்தனம் இருந்த ஒரு காம்பவுண்டு வீட்டில் நானும் என் கணவரும் குடியிருந்தோம். அவர் ஒரு மிஷன் பள்ளியில் கிளார்க். கல்யாணமாகி மூன்று வருடம் கழித்துப் பிறந்த எங்கள் குழந்தை, பதினோரு நாள் மட்டும் எங்களோடு இருந்துவிட்டுப் போயிருந்தது. இதை இவ்வளவு சுருக்கமாக எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

காம்பவுண்டில் எல்லோரும் நல்லவர்கள். அதுதான் தொல்லையே. நான் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். கைக்குழந்தைக்காரிகள் முந்தானையால் பிள்ளையை மூடிக்கொண்டு உள்ளே நகர்ந்துவிடுவார்கள். என் மனம் நோகக் கூடாதே என்று சிலர், என் கண் பட்டுவிடக் கூடாதே என்று சிலர். யார் எதற்காகப் போகிறார்கள் என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியுமா? பத்து மாதம் இப்படியே ஓடியது. ஒருநாள் கணவரிடம், "புள்ளைங்க சத்தமே கேக்காத தெருவா ஒரு வீடு பாருங்க. இல்லேன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் அதிகம். ஆனால் அன்று மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்று அவருக்கு உள்ளூர் விடுமுறை. விடிவதற்கு முன்பே காம்பவுண்டு முழுக்கக் காலி. நாங்கள் கிறிஸ்தவர்கள்தான் என்றாலும், சின்ன வயதில் நானும் அக்கம்பக்கத்தாரோடு போய்க் கூட்டத்தில் நசுங்கி, பீய்ச்சியடிக்கிற தண்ணீரில் நனைந்து வந்தவள்தான். அந்த வருடம் மனம் வரவில்லை. எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்க ஆளில்லாத நாளாகப் பார்த்து வீடு தேடிப் போவோம் என்று நான்தான் யோசனை சொன்னேன். ஆற்றுப் பக்கமே போகாமல், என்னைப் பின்னால் உட்காரவைத்து, சந்து சந்தாகச் சைக்கிளை மிதித்தார். அவனியாபுரம் பக்கம் புதிதாக எழும்பியிருந்த ஒரு குடியிருப்புக்கு வந்து சேர்ந்தோம்.

இரண்டு பக்கமும் வேப்பங்கன்றுகள், சாத்திய கதவுகள். எங்கேயோ ஒரு காக்கை கத்தியது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வயதானவர். காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மாடியில் இருந்தார். இங்கே எப்போதும் இப்படித்தான் இருக்குமா என்று இரண்டு தடவை கேட்டேன். "சத்தமே கெடையாதும்மா. பகல்லயே நான் நிம்மதியாத் தூங்குறேன்ல" என்று உரக்கச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே வீட்டை முடிவு செய்தோம்.

வைகாசியில் ஜெபம் செய்து, பால் காய்ச்சிக் குடிபோனோம். மறுநாள் காலையில் கதவைத் திறந்தால், எங்கள் வாசலில் பம்பரம், பக்கத்து வாசலில் கோலி, நடுத்தெருவில் கோடு போட்டுப் பாண்டி. எதிர்வீட்டில் ஒரு கைக்குழந்தை வீல் வீல் என்று கத்திக்கொண்டிருந்தது. ஜன்னலில் நின்று எண்ணினேன். இருபத்து மூன்று பிள்ளைகள்! அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று மதுரையில் ஒரு தெரு காலியாகக் கிடந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். என் காம்பவுண்டே காலியானதைப் பார்த்துவிட்டுத்தானே நானும் கிளம்பினேன்? வீட்டுக்காரரையும் குறை சொல்ல முடியாது. அவருக்குக் காது மந்தம் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கணவர் முதலில் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். ஒரு வாரத்தில், "சமயநல்லூர்ப் பக்கம் ஒரு வீடு இருக்காம். சுத்தி வயக்காடு. ஆனி முடியறதுக்குள்ள போயிரணும். ஆடி பொறந்துட்டா அந்த வீட்டுக்காரர் பால் காய்ச்ச விடமாட்டாராம்" என்று வந்து சொன்னார். சரி என்றேன். அதுவரை கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவது என்று முடிவு.

அப்போது தண்ணீர்க் கஷ்டம். தெருவுக்கு லாரியில்தான் தண்ணீர் வரும். ஒருநாள் ஹாரன் சத்தம் கேட்டுக் குடத்தோடு வெளியே வந்தேன். எதிர்வீட்டுப் பெண், என்னைவிட நாலைந்து வயது சின்னவள், இடுப்பில் பிள்ளையும் கையில் குடமுமாக ஓடி வந்தாள். "யக்கா, இவனக் கொஞ்சம் புடிங்க. லாரிக்காரன் போயிருவான்" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு, என் குடத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு வருடமாக யாரும் என் கையில் ஒரு பிள்ளையைக் கொடுத்ததில்லை. உள்ளே போகவும் தெரியாமல் வெளியே நிற்கவும் தெரியாமல் படியிலேயே நின்றேன். அவன் என் கழுத்துச் செயினை இழுத்து வாயில் வைத்துச் சப்பினான். எச்சில் ரவிக்கையெல்லாம் வழிந்தது. அவள் என் குடத்தையும் நிரப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அழுதானாக்கா? எங்கிட்ட மட்டுந்தேன் அழுவான், களவாணிப்பய" என்று அவனை வாங்கிக்கொண்டு போனாள்.

அதன்பிறகு தினமும் அவன் என்னிடம் வந்தான். லாரி வந்தால், அவள் சோறு வடித்தால், ரேஷன் கடைக்குப் போனால், பிள்ளை என் மடியில். அவளுக்கு என் கதை தெரியாது. தெரிந்தால் கொடுக்க மாட்டாள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதனால் சொல்லவில்லை. என் கணவரிடம்கூட இதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குப் பாத்தியதை இல்லாத ஒன்றை ஒளித்து வைத்து அனுபவிக்கிறேன் என்ற குற்றவுணர்ச்சி. ஆனாலும் லாரிச் சத்தத்துக்குக் காது ஏங்கியது.

ஆனி கடைசி வாரம். சாமான் ஏற்ற வண்டி பேசியாகிவிட்டது. எதிர்வீட்டுக் கதவு இரண்டு நாளாகத் திறக்கவில்லை. பிள்ளைக்கு உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்று தெருவில் யாரோ சொன்னார்கள். என் கை பட்டதுதான் காரணம் என்று மனம் அடித்துச் சொன்னது. அதெல்லாம் மூடநம்பிக்கை என்று காம்பவுண்டுப் பெண்களை மனசுக்குள் ஆயிரம் திட்டு திட்டியவள் நான். அன்று மத்தியானம் அவர்களைவிட அதிகமாக நானே அதை நம்பினேன்.

தெருவைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினேன். தூக்கமில்லாமல் கண் சிவந்து, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் உட்காரக்கூட இல்லை. "எங்கிட்ட நீ இவனக் குடுத்திருக்கக் கூடாது. எனக்கு ஒண்ணு பொறந்து பதினோரு நாள்ல போயிருச்சு. மொதல்லயே சொல்லியிருக்கணும், சொல்லாம விட்டுட்டேன்" என்றேன். பிள்ளையை இறுக்கிக்கொண்டு ஓர் அடி பின்னால் போவாள் என்று காத்திருந்தேன்.

அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. "பொம்பளப் புள்ளையாக்கா, ஆம்பளப் புள்ளையா?"

"பொம்பளப் புள்ள."

"என்ன பேரு வச்சீக?"

ஆஸ்பத்திரியில் அவசர அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தபோது வைத்த பெயர். அடக்கம் முடிந்த பிறகு எங்கள் வீட்டில் யாருமே அதைச் சொன்னதில்லை. என்னைத் தேற்ற வந்த அத்தனை பேரில் ஒருவரும் கேட்டதுமில்லை. சொல்லப் பார்த்தேன், குரல் எழும்பவில்லை. இரண்டாவது தடவைதான் வந்தது. அவள் அதை ஒருமுறை மெதுவாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். "நல்ல பேருக்கா" என்றாள்.

பிறகு சாதாரணமாக, "இவனுக்குத் தடுப்பூசி போட்டாக. காச்ச வரத்தேன் செய்யும். ரெண்டு நாளா நான் பொட்டுக்கூடத் தூங்கல. நீங்க வச்சிருங்க, கொஞ்சம் கண்ணசர்றேன்" என்று, என்னை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்து, கொதிக்கிற அந்த உடம்பை என் மடியில் கிடத்தினாள். கீழே பாயை உதறிப் போட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவள், அடுத்த நிமிடமே தூங்கிப்போனாள்.

ஈரத்துணியால் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. வெளியே பிள்ளைகள் கத்திக்கொண்டுதான் இருந்தார்கள். சாயங்காலம் என் கணவர், திறந்து கிடந்த எங்கள் வீட்டைப் பார்த்துவிட்டுப் பதறி என்னைத் தேடி வந்தார். சத்தம் போட வேண்டாம் என்று சைகை காட்டினேன். "வண்டிக்காரர்ட்ட வேணாம்னு சொல்லிருங்க. நாம எங்கயும் போகல" என்று மெதுவாகச் சொன்னேன். அவர் என் மடியைப் பார்த்தார். வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அந்த ஒரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ராத்திரிக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. அந்தத் தெருவில் நாங்கள் ஒன்பது வருடம் இருந்தோம். இப்போதும் பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனால், மற்றவர்கள் பேச்சை மாற்றப் பார்க்கும்போது, நான் அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்து குழந்தையின் பெயரைக் கேட்கிறேன். அதைச் சொல்ல அவளுக்குக் குரல் எழும்பும் வரை பேசாமல் காத்திருக்க எனக்குத் தெரியும்.