பங்கு வேண்டாம், உபயம் என்று சொல்

சினிமாவுக்குக் காசு எங்கிருந்து வருகிறது என்று படம் பார்க்கிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசித்ததில்லை, என் கணவர் ஒரு முழுநீளப் படம் எடுக்கப் போவதாகச் சாப்பாட்டு மேசையில் அறிவிக்கும் வரைக்கும். அவர் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கிறவர். இடையிடையே குறும்படங்களும் எடுப்பார். அவற்றை நாங்களும் நடித்தவர்களின் சொந்தக்காரரும் பார்ப்போம். நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு நிதிக் கம்பனியில் கடன் பிரிவில் வேலை செய்கிறேன். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கு ஒரு பெருமை உண்டு. அந்தக் கணக்கில் என் கணவருக்கு ஒரு சதமும் கொடுத்திருக்க மாட்டேன்.

“காசுக்கு என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டேன்.

“அதுதான் நீர் இருக்கிறீரே” என்றார்.

இப்படித்தான் நான் தயாரிப்பாளர் ஆனேன்.

இறங்கினால் அரைகுறையாகச் செய்வது என் பழக்கம் இல்லை. சினிமாக் கம்பனிகள் எப்படிக் காசு புரட்டுகின்றன என்று தேடித் தேடி வாசித்தேன். சென்னையில் பைனான்சியர் வட்டிக்குக் கொடுப்பார், விநியோகஸ்தர் படம் முடியும் முன்பே முன்பணம் கொடுப்பார், டிவிக்காரர் உரிமையை வாங்குவார். அமெரிக்காவின் பெரிய பெரிய ஸ்டூடியோக்கள்கூடத் தங்கள் சொந்தக் காசை மட்டும் போட்டுப் படம் எடுப்பதில்லை, வெளியாரின் காசையும் சேர்த்துத்தான் உருட்டுகின்றன என்று அறிந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. அமெரிக்காக்காரனே கைநீட்டுகிறான் என்றால் எங்கள் ஊர்க் கோப்பாய்க்காரனுக்கு என்ன வெட்கம்? ஆனால் எங்களுக்கு விநியோகஸ்தரும் இல்லை, பைனான்சியரும் இல்லை. இங்கே படம் எடுத்தால் தியேட்டரைச் சில காட்சிகளுக்கு வாடகைக்கு எடுத்து, டிக்கெட்டையும் நாங்களே கையில் கொண்டு திரிந்து விற்கவேண்டும். ஆகவே மிஞ்சியிருந்தது வெளிநாடுதான்.

கனடா, லண்டன், சுவிஸ் என்று இருக்கிற சொந்தக்காரரையும் பள்ளிக்கூடச் சிநேகிதரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சூமில் கூட்டினோம். படத்தை எத்தனை பங்காகப் பிரிப்பது, இலாபம் வந்தால் எப்படிப் பகிர்வது, நட்டம் வந்தால் யார் தலையில் எவ்வளவு என்று நான் வரைபடம் போட்டு விளக்கினேன். எங்கள் கம்பனி மனேஜர் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். எல்லாம் முடிந்ததும் லண்டனில் இருந்து ஒருவர் கேட்டார்.

“லாபம் வருமோ தங்கச்சி?”

“உண்மையைச் சொன்னா, வராது அண்ணை.”

மேசைக்குக் கீழே என் கணவர் என் காலை மிதித்தார். அதற்குப் பிறகு ஒருவர் வீட்டில் பிள்ளை அழுதது, ஒருவர் வீட்டில் யாரோ மணி அடித்தார்கள், ஒருவருக்கு இன்டர்நெட் போய்விட்டது. கடைசியில் திரையில் நாங்கள் இரண்டு பேரும் எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த நாள் ரொறன்ரோவில் இருந்து மச்சாள் போன் எடுத்தார். என் கணவரின் மூத்த அக்கா. வாயால் வங்காளம் போகிற ஆள்.

“உனக்கு ஆர் உந்தப் பங்கு எண்ட சொல்லைச் சொல்லித் தந்தது?” என்று எடுத்த எடுப்பில் கேட்டார். “எங்கடை சனம் பங்குக் கிணறு, பங்குக் காணி எண்டு கோட்டுக்கு நடந்து நடந்து செருப்புத் தேஞ்ச சனம். பங்கு எண்ட உடனை வழக்கு வரப்போகுதெண்டு ஓடிட்டுதுகள். உபயம் எண்டு சொல்லு. பேந்து பார்.”

எங்கள் படமே ஒரு பங்குக் கிணற்றுக்காக அடிபடுகிற இரண்டு சகோதரர்களின் கதை. அப்படியிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. படித்தவள் பாட்டைக் கெடுத்தாள், வேறென்ன!

எங்கள் பக்கத்துக் கோயில்களில் வருடாந்தத் திருவிழா நடக்கும்போது ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு குடும்பத்துக்கு உரியது. அன்றைய பூசை, சோடனை, மேளம், அன்னதானம் எல்லாம் அவர்கள் செலவு. அதுதான் அவர்களுடைய உபயம். ஐந்தாம் திருவிழா எங்கடை, ஏழாம் திருவிழா அவையின்ரை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார்கள். போட்ட காசுக்கு முருகனிடம் இதுவரை யாரும் இலாபம் கேட்டதில்லை.

அன்றைக்கே கதையை எடுத்துத் திருவிழாக்களாக வெட்டினேன். படம் தொடங்குகிற இடம் கொடியேற்றம். தண்ணீர் இறைக்கிற மோட்டரைத் திருடிக்கொண்டு ஓடுகிறவனைத் தோட்டத்து ஒழுங்கைகளில் சைக்கிளில் துரத்துகிற இடம் வேட்டைத் திருவிழா. தம்பியின் கலியாணம், சுவாமிக்குக் கலியாணம் நடக்கிற பூங்காவனம். சகோதரர்கள் கிணற்றுக் கட்டில் கைகலக்கிற உச்சக்கட்டம்தான் தேர். வட்ஸ்அப்பில் போட்டுவிட்டு இரண்டு நேரச் சாப்பாடு முடிவதற்குள் தேருக்கு அடிபிடி. கனடாவில் ஒரு குடும்பமும் சுவிஸில் ஒரு குடும்பமும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் மச்சாள் தலையிட்டு ஒருவருக்குத் தேரையும் மற்றவருக்குப் படம் முடிகிற இடமான தீர்த்தத்தையும் கொடுத்துச் சமாதானம் பண்ணினார். இலாபம் என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை.

நான் எல்லோருக்கும் ஒரே ஒரு வாக்குத்தான் கொடுத்தேன்: உங்கடை காட்சி படத்திலை நிக்கும். இலாபம் இல்லையென்று சொல்லியாயிற்று, புகழ் வருமென்றும் சொல்லவில்லை. என் கையில் இருந்தது அந்த வாக்கு மட்டும்தான். உடுப்பிட்டியில் இருந்து அம்மா வேறு போன் எடுத்துக் கிலி ஊட்டினார். “அவரை நம்பி ஆரும் குடுக்கேல்லைப் பிள்ளை, உன்னை நம்பித்தான் குடுத்திருக்கினம். படம் பிழைச்சாலும் பரவாயில்லை, வாக்குப் பிழைக்கப்படாது.”

படப்பிடிப்பு நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. உபயம் என்றால் அன்னதானமும் சேர்த்தி என்பது எங்கள் சனத்தின் இரத்தத்தில் ஊறியது. நாங்கள் கேட்காமலே ஒவ்வொரு காட்சி எடுக்கிற நாளும் அந்த உபயகாரரின் இங்குள்ள சொந்தங்கள் பெரிய கிடாரங்களில் சோறும் கறியும் பாயாசமுமாக வந்து இறங்கினார்கள். சாப்பிட்டுவிட்டுக் கமராக்காரர் மரத்துக்குக் கீழே நித்திரை. பின்னேர வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும், என் கணவர் தலையில் கையை வைத்துக்கொண்டு நிற்பார். விடுமுறைக்கு வந்த சுவிஸ் குடும்பம் பட்டு வேட்டி, பட்டுச் சேலையோடு கிணற்றடிக்கு வந்து நின்றது. கைகலப்பு நடக்கிற இடத்தில் அவர்களை எங்கே நிறுத்துவது? சண்டையை விலக்குகிற அயலவர்களாக நிறுத்தினோம். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு சண்டை விலக்குகிற அயலவர்களை நீங்கள் எங்கள் படத்தில்தான் பார்க்கலாம். இன்னொருவர் தன் தகப்பனின் படம் சுவரில் தொங்கவேண்டும் என்றார். தொங்கியது, மாலையோடு. மூன்றாமவர் தன் காட்சி நீளமோ மற்றவரின் காட்சி நீளமோ என்று கிழமைக்கொரு முறை விசாரித்தார்.

ஒன்றுமே கேட்காதவர் ஒருவர்தான். டென்மார்க்கில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். எங்களுக்குச் சொந்தமில்லை, மச்சாள் மூலமாக வந்தவர். முதல்முறை பேசியபோது, “கடற்கரைக் காட்சி ஏதும் இருக்கோ பிள்ளை?” என்று மட்டும் கேட்டார். இருந்தது. சண்டைக்குப் பயந்து தம்பியின் மனைவி பருத்தித்துறையில் தாய்வீட்டுக்குப் போய், கரையில் வள்ளத்தடியில் தகப்பனோடு கதைக்கிற காட்சி. “அப்ப அது எங்கடை. என்ரை மனுசி பருத்தித்துறை. போன வருஷம் தவறிப் போயிட்டா” என்றார். காசு அடுத்த நாளே வந்துவிட்டது. பிறகு ஒரு போன் இல்லை, ஒரு குறுஞ்செய்தி இல்லை.

அந்தக் காட்சி எடுத்த அன்று பருத்தித்துறையில் வாடைக்காற்று பிய்த்து உதறியது. நடிகையின் தலைமயிர் முகத்தை மூடியது, தகப்பனாக நடித்தவரின் சால்வை பறந்து மீன் சந்தைப் பக்கம் போனது. மைக்கில் பதிந்தது முழுக்கக் காற்று. பிறகு அறைக்குள் வைத்துக் குரல் சேர்த்தோம். வாயும் வசனமும் மாமியும் மருமகளும் போல ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. திரும்பப் போய் எடுக்கக் கையில் காசும் இல்லை, நடிகையும் இல்லை. அவர் கலியாணம் முடித்து அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார்.

படத்தொகுப்பு முடிகிற கட்டத்தில் என் கணவர் மெல்லச் சொன்னார். “கடற்கரையை வெட்டவேணும்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அந்த மனுசன் வாய் திறக்க மாட்டார் எண்டுதானே அவரிலை கை வைக்கிறியள்? சுவிஸ்காரரை வெட்டிப் பாருங்கோவன்!”

“சரி, நீரே இருந்து பாரும். வேறை எதையாவது வெட்டலாமெண்டா வெட்டுவம்.”

இருந்து பார்த்தேன். முழுப் படத்தையும் பார்த்தேன். பட்டுச் சேலைகூட ஒருமாதிரிப் பொருந்திவிட்டது. கடற்கரை வந்ததும் படம் தடக்கி விழுந்தது. தகப்பன் மகளிடம் சொல்கிற நல்ல வார்த்தைகள்கூடச் சிரிப்பு மூட்டின. டென்மார்க் ஐயாவின் மனைவி பெயரால் வந்த காட்சியைப் பார்த்துத் தியேட்டரில் சனம் சிரித்தால்? வெட்டச் சொல்லிவிட்டேன்.

இரண்டு மூன்று நாள் சாட்டுச் சொல்லித் தள்ளிப்போட்டுவிட்டு, ஒரு பின்னேரம் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து டென்மார்க்குக்குப் போன் எடுத்தேன். கம்பனியில் கடன் மறுக்கப்பட்டவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். ஆனால் அன்றைக்குக் காற்று, குரல், நடிகை என்று எல்லாவற்றையும் குழப்பிச் சொல்லிவிட்டு, “மன்னிச்சுக் கொள்ளுங்கோ ஐயா. என்ரை வாக்கைக் காப்பாத்தேலாமப் போச்சு. உங்கடை காசை நான் திருப்பித் தாறன்” என்றேன். அந்தக் காசு எங்கிருந்து வரும் என்று எனக்கே தெரியாது.

“மழை பெஞ்சு திருவிழா ஒண்டு நிண்டு போச்செண்டு வையுங்கோ பிள்ளை” என்றார் அவர். “கோயில்காரர் காசைத் திருப்பிக் குடுக்கிறவையோ?”

“இல்லை ஐயா.”

“உபயகாரரின்ரை உரிமை போயிடுமோ?”

எனக்கு உடனே பிடிபடவில்லை. “போகாது ஐயா. அடுத்த வருஷமும் அந்த நாள் அவையின்ரைதானே.”

“அதைத்தான் நானும் சொல்லுறன். அடுத்த படத்திலை கடல் வாற இடம் எங்கடை. அதை வேறை ஆருக்கும் குடுத்துப் போடாதேங்கோ. நீங்கள் எடுக்கச் சுணங்கினாலும் பரவாயில்லை. நான் இல்லாட்டி மகள் செய்வாள். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எண்டாலும் இது உன்ரை அம்மாவின்ரை திருவிழா எண்டு சொல்லி வைச்சிருக்கிறன்.”

இந்த ஒரு படத்தோடு எல்லாவற்றுக்கும் முழுக்கு என்று நான் அம்மாவிடம் சொல்லியிருந்தேன், மச்சாளிடம் சொல்லியிருந்தேன், கணவரிடம் நாளுக்கு நாலு தரம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஓம் ஐயா” என்றேன். “அது உங்கடைதான்.”

போனை வைத்த பிறகு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. கதவடியில் என் கணவர் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனார்.

“என்னவாம்? காசைத் திருப்பிக் கேக்கிறாரோ?”

“இல்லை” என்றேன். “அடுத்த படத்தைக் கேக்கிறார்.”